இரண்டு அண்ணிகளும் ஒரு பழைய கம்ப்யூட்டரும்

கடலூர் முதுநகர்
10.8.2025

அன்புத் தங்கை சத்யப்பிரியாவுக்கு அண்ணன் செந்தமிழ்செல்வன் எழுதுவது. இங்கே நான், உன் அண்ணி மங்கலம், பையன் அறிவு மூவரும் சுகம். நீயும் மகள் சுவேதாவும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ நாலு வார்த்தை கத்திவிட்டு வைத்துவிடுகிறாய். போன வாரம் என் நம்பரையே பிளாக் பண்ணிவிட்டாய். கடிதத்தை யாரும் பாதியில் கட் பண்ண முடியாது. வேண்டுமானால் கிழிக்கலாம். கிழிப்பதற்கு முன்னால் ஒருதடவை படித்துவிடு.

சித்திரையில் காட்டுமன்னார்கோயிலை விட்டுப் பெண்ணையும் பழைய கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு சிதம்பரம் போனாய். மாதங்கள் ஓடிவிட்டன. ராஜ்கமல் மச்சான் உன்னை வேண்டாம் என்று இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அரிசி ஆலை வைத்திருக்கிற வீட்டு மருமகள், ஊரார் எழுதுகிற தீசிஸை டைப் அடித்துப் பிழைக்க வேண்டுமா? உன் கல்யாணமும் என் கல்யாணமும் ஒரே பந்தலில் நடந்தவை. அவர் தங்கை என் வீட்டில், என் தங்கை அவர் வீட்டில். ஒரு பக்கம் ஆடினால் மறுபக்கமும் ஆடும் என்பது உனக்குத் தெரியாததல்ல.

அந்தக் கம்ப்யூட்டர் நீ காலேஜ் படிக்கும்போது அப்பா வாங்கியது. "பட்டனத் தட்டிட்டு டீ போட்டுக் குடிச்சிட்டு வந்தாத்தாண்ணே தொறக்குது" என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுக் கிளம்பி வந்து சேர். நான் பேசிச் சேர்த்துவைக்கிறேன்.

உன் நன்மையையே நினைக்கும்,
அண்ணன்

*

சிதம்பரம்
17.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு சத்யா எழுதுவது. கிழிக்கவில்லை. நானும் சுவேதாவும் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறோம். உடம்பு சரியில்லாதது கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். அங்கே எல்லோரும் சுகமாக இருங்கள்.

பழைய இரும்புக்குப் போடு என்கிறாய். உன் பைக் எந்தக் காலத்து வண்டி? என்ஜினைப் பிரித்து, ரிங் மாற்றி, சைலன்சருக்குப் பற்றவைத்து இன்னும் செம்மங்குப்பம் கம்பெனிக்கு அதில்தானே ஷிஃப்ட்டுக்குப் போகிறாய்? அதை நீ பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டு வா, நான் இதைப் போடுகிறேன்.

மேல வீதியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அந்தோணிசாமியிடம் பெட்டியைக் காட்டினேன். "இதெல்லாம் மியூசியத்துல வக்கற சரக்கு மேடம். அக்டோபரோட விண்டோஸ் பத்துக்கு அப்டேட் நின்னுடும். பதினொண்ணு இதுல ஏறவே ஏறாது. புதுசு எடுங்க, மாசத் தவணை போட்டுத் தரேன்" என்றார். ஏறாவிட்டால் போகட்டும். எனக்கு வேண்டியது தமிழில் டைப் அடிக்க வேண்டும், அடிக்குறிப்புப் போட வேண்டும், பிரின்ட் எடுக்க வேண்டும். ராக்கெட்டா விடப்போகிறேன்? இன்டர்நெட்டுக்குப் போன் இருக்கிறது. பெட்டிக்கு நெட்டே கொடுக்கப் போவதில்லை.

நானும் சுவேதாவும் சாயந்திரம் சாயந்திரம் யூடியூப்பில் பார்த்துப் படித்துவிட்டோம். இதற்கு இரண்டே வியாதி. ஒன்று, ஹார்ட் டிஸ்க் கிழடாகிவிட்டது. இன்னொன்று, ரேம் போதவில்லை. ரேம் என்றால் அண்ணியின் சமையல் மேடை என்று வைத்துக்கொள். மேடை அகலமாக இருந்தால் நாலு பாத்திரத்தை ஒரே நேரத்தில் பரப்பிக்கொண்டு சமைக்கலாம். எனக்கு இருப்பது ஒரு முக்காலி. புது டிஸ்க் ஒன்று, பழசானாலும் பெரிய ரேம் ஒன்று, இரண்டையும் மாற்றினால் இன்னும் சில வருஷம் ஓடும். புதுப் பெட்டி விலையில் கால் பங்குகூட ஆகாது. அந்தக் கால் பங்கையும் ஒரே மூச்சில் போட முடியாது. ஒவ்வொன்றாக வாங்குவேன்.

தமிழில் ஆராய்ச்சி பண்ணும் கலைமணி என்ற பெண், தன் தீசிஸ் மொத்தத்தையும் என்னிடம் கொடுத்திருக்கிறாள். வருஷக் கடைசிக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். இதை நன்றாக முடித்தால் அவள் கூடப் படிப்பவர்களும் என்னிடம் வருவார்கள், இங்கே நான் போட்டிருக்கிற டைப்பிங் கடை நிலைக்கும். இந்தப் பெட்டி ஓடுகிற வரைக்கும் நான் யார் வாசலிலும் போய் நிற்க வேண்டியதில்லை. அது நின்றுபோனால்தான் நீ சொல்கிற பேச்சு எல்லாம். அதனால் அது நிற்காது. நிற்க விடமாட்டேன்.

அண்ணிக்கு என் அன்பு.

அடங்காத தங்கை,
சத்யா

*

கடலூர் முதுநகர்
2.9.2025

தங்கை சத்யாவுக்கு ஆசிகள். இங்கே அனைவரும் நலம். அறிவுக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது தேவலை. உங்கள் இருவர் நலத்துக்கும் பதில் போடு.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்திருந்தார். மங்கலம் வறுவலும் ரசமும் வைத்தாள். நன்றாகத்தான் சாப்பிட்டார். கம்ப்யூட்டரை ரிப்பேர் பண்ணப் போகிறாய் என்று சொன்னேன். "அந்தப் பொட்டி எத்தினி நாளைக்கு ஓடும் மச்சான்? அது நின்னா அவளே தானா வழிக்கு வருவா. நீ ஒண்ணும் பேசிக்காத" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவருக்குக் கோபம் இல்லை என்பதைத்தான் நீ கவனிக்க வேண்டும்.

பிடிவாதத்துக்கும் ஒரு அளவு உண்டு சத்யா. யோசி.

அண்ணன்

*

சிதம்பரம்
14.9.2025

அண்ணனுக்கு சத்யாவின் வணக்கம். அறிவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கச் சொல், வெயிலில் அலைய விடாதே. எங்களுக்கு ஒரு குறையுமில்லை.

புது டிஸ்க் வந்தாயிற்று. எஸ்.எஸ்.டி. என்று சொல்கிறார்கள். சின்னச் சோப்புக்கட்டி அளவுதான் இருக்கிறது. இதை வாங்க இத்தனை நாளாக எதை எதை விட்டோம் என்று உனக்கு எழுதப்போவதில்லை. அந்தோணிசாமி மாட்டுவதற்குத் தனியாகக் கூலி கேட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன், நானே கழற்றினேன். திறந்தால் உள்ளே என்ன இருந்தது தெரியுமா? தவிடு. பத்துப் பன்னிரண்டு வருஷமாக உன் மச்சான் ஆலையிலிருந்து பறந்து வந்த தவிடெல்லாம் ஃபேனுக்குள் அடையாக அப்பிக்கிடந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டித் தட்டி முறத்தில் கொட்டினேன். பாவம், மூச்சுத் திணறிக்கொண்டே ஓடியிருக்கிறது. அந்த வீட்டில் மூச்சு முட்டியது எனக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது.

புது டிஸ்க்கை மாட்ட உள்ளே இடம் இல்லை. சுவேதாவின் ஹேர் பேண்டைப் போட்டுக் கட்டி, பழைய டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் இதற்கு மாற்றினேன். பட்டனைத் தட்டினேன். டீக்கு அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை, அதற்குள் திறந்துவிட்டது. சுவேதா விசில் அடித்தாள். நானும் அடித்தேன்.

இனி ரேம்தான். என் போர்டுக்கு டிடிஆர் த்ரீ என்கிற பழைய வகைதான் பொருந்தும். ரேம் சொருகுகிற பள்ளம் இரண்டில் ஒன்று எப்போதோ செத்துவிட்டது. அதனால் இருப்பதை எடுத்துவிட்டுப் பெரிதாக ஒன்றைப் போட வேண்டும். இங்கே பழைய சரக்கு கிடைக்கவில்லை, தேடுகிறேன். கலைமணியின் தீசிஸ் முந்நூறு பக்கத்தைத் தாண்டியதும் பெட்டி தள்ளாடுகிறது.

நான் தானாக வழிக்கு வருவேன் என்றாராமே. வழி எது என்று எனக்குத் தெரிந்ததால்தான் கிளம்பி வந்தேன். இதை அவரிடம் சொல். சிரித்துக்கொண்டே சொல்.

உன்னிடமும் ஒன்று கேட்கிறேன். திரும்பிப் போ, திரும்பிப் போ என்கிறாய். நான் ஏன் கிளம்பி வந்தேன் என்று இத்தனை மாதத்தில் ஒருதடவைகூட நீ கேட்கவில்லையே, ஏன்?

சத்யா

*

கடலூர் முதுநகர்
3.10.2025

அன்புத் தங்கைக்கு. நலம், நாடுவதும் அதுவே. ஆயுத பூசை நல்லபடியாக முடிந்தது. பைக்குக்கு மாலை போட்டு எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றினேன்.

இத்துடன் ஒரு சின்னப் பார்சல். நீ டிடிஆர் த்ரீ என்று எழுதியிருந்ததை அப்படியே காட்டி, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கினேன். நாலு ஜிபி. கடைக்காரர் தன் பெட்டியில் மாட்டி ஓட்டிக் காட்டினார். ஓடியது. பத்திரமாகப் போடு.

நீ கேட்டதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

அண்ணன்

*

சிதம்பரம்
12.10.2025

அண்ணனுக்கு. நலம் விசாரிக்க இன்றைக்கு எனக்கு மனசு இல்லை.

உன் பார்சலைப் பிரித்ததும் அழுதுவிட்டேன். எங்கள் அண்ணன் எங்கள் அண்ணன்தான் என்று சுவேதாவிடம் பெருமை அடித்துக்கொண்டேன். ரேமின் நடுவில் ஒரு குங்குமப் பொட்டு இருந்தது. துடைத்துவிட்டு மாட்டினேன். பட்டனைத் தட்டியதும் பெட்டி பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. கழற்றி மாட்டினேன், மறுபடியும் கத்தல். என் பழைய ரேமையே திரும்பப் போட்டேன். அதற்கும் கத்தல். ஓடிக்கொண்டிருந்த பெட்டி அண்ணா! நீ அனுப்பியதைப் போட்டதும் செத்துவிட்டது.

அந்தோணிசாமி தூர இருந்தே பார்த்துவிட்டு "போர்டு போச்சு மேடம்" என்றார். புதுப் பெட்டி வாங்கினால்தான் டிஸ்க்கில் இருப்பதை எடுத்துக் கொடுப்பாராம். கலைமணியின் பாதி தீசிஸ் அதற்குள் இருக்கிறது.

கடையில் ஓடியது என்று நீயே எழுதியிருக்கிறாய். கடையில் ஓடியது சிதம்பரத்தில் ஏன் ஓடவில்லை? நடுவில் அது யார் கைக்குப் போனது? குங்குமப் பொட்டு நீ வைத்ததா? உனக்கு அதெல்லாம் வராது. அண்ணி வைத்தது. அண்ணி யாருடைய தங்கை? பெட்டி நின்றால் வழிக்கு வருவாள் என்று சொன்னவரின் தங்கை. நின்றுவிட்டது என்று அந்த அண்ணனுக்குப் போன் பண்ணி அண்ணியைச் சொல்லச் சொல். சந்தோஷப்படட்டும்.

ஏன் வந்தேன் என்று நீ கேட்கவே போவதில்லை. நானே சொல்லிவிடுகிறேன். வீட்டில் உட்கார்ந்து நான் டைப் அடிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. தீசிஸ் கொடுக்க வருகிறவன் எல்லாம் எதற்கு வருகிறான் என்று கேட்பார். ஒருநாள் நான் அடித்துக்கொண்டிருக்கும்போதே, கீபோர்டு வைக்கிற இழுப்புத் தட்டைக் காலால் உதைத்து உள்ளே தள்ளினார். என் கை அதில் இருந்தது. இடது சுண்டுவிரல் எலும்பு முறிந்துவிட்டது. கதவில் நசுங்கியது என்று ஆஸ்பத்திரியில் சொல்லும்படி அவர் வீட்டார் சொன்னார்கள், சொன்னேன். அந்த விரல் இன்றைக்கும் மடங்காது. நான் அடிக்கிற தமிழ் கீபோர்டில் 'அ' அந்த விரலுக்கு உரியது. பக்கத்து விரலை வளைத்து அடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். அண்ணா என்று அடிக்கும்போதெல்லாம் வலிக்கும்.

திரும்பிப் போகச் சொல்லி இனி எழுதாதே. பெட்டி செத்தாலும் போகமாட்டேன்.

சத்யப்பிரியா

*

கடலூர் முதுநகர்
9.11.2025

அன்புள்ள அண்ணிக்கு மங்கலம் எழுதுவது. என் அண்ணன் பெண்டாட்டி என்பதால் நீங்கள் எனக்கு அண்ணி. உங்கள் அண்ணன் பெண்டாட்டி என்பதால் நான் உங்களுக்கு அண்ணி. ஒரு அண்ணி இன்னொரு அண்ணியை நலமா என்று கேட்கத்தான் வேண்டும். கேட்டுவிட்டேன். இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து இவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஷிஃப்ட்டுக்குப் போகிறார், வருகிறார், மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். தீபாவளிக்கு எண்ணெய்கூடத் தேய்த்துக்கொள்ளவில்லை. கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். துவைக்கப் போட்டபோதுதான் எடுத்துப் படித்தேன். பிறத்தியார் கடிதத்தைப் படிக்கலாமா என்றால், என்னைப் பற்றித்தானே எழுதியிருக்கிறீர்கள், படிப்பேன்.

நான் கெடுத்தேனா? அதை வாங்கச் சொன்னதே நான்தான் அண்ணி. "அவுங்க ஒண்டியா கெடந்து மல்லுக்கட்டறாங்க. நீங்க இரும்புக்குப் போடு, இரும்புக்குப் போடுன்னு லெட்டர் எழுதிக்கினு கெடக்கறீங்க. வெக்கமா இல்ல?" என்று கேட்டேன். அதற்குப் பிறகுதான் கடைக்குப் போனார்.

பூசையன்று பைக், என் தையல் மிஷின், அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். புதுசாக வாங்கிய பொருள் வெறுமனே வீட்டை விட்டுப் போகக்கூடாது என்று அதையும் எடுத்துவந்து வைத்தேன். நடுவில் ஒரு பொட்டோடு விட மனசு வரவில்லை. ஒரு ஓரத்தில் பல்லுப் பல்லாகத் தங்கம் மாதிரி மின்னியது. அதுதான் அதற்கு முகம் என்று நினைத்தேன். நல்ல மஞ்சள் கிழங்கை இழைத்து, அந்தப் பல் முழுக்க, இரண்டு பக்கமும் நிறையப் பூசினேன். கற்பூரம் காட்டி, நன்றாகக் காயவைத்துத்தான் பார்சல் கட்டினேன். அது நன்றாக ஓட வேண்டும், உங்கள் கடை நிலைக்க வேண்டும் என்று விழுந்து கும்பிட்டேன். கெடுக்க நினைத்திருந்தால் அம்மிக்கல்லில் வைத்து நசுக்கியிருப்பேனே, மஞ்சள் பூசுவேனா?

விரலைப் பற்றிப் படித்தேன். கதவில் நசுங்கியது என்றுதான் எங்கள் வீட்டில் எனக்கும் சொன்னார்கள். இனிமேல் உங்களை அந்த வீட்டுக்குப் போகச் சொல்லி இந்த வீட்டில் யாராவது பேசினால் அவர்களுக்கு என் கையால் சோறு கிடையாது. உங்கள் அண்ணனுக்கும் சேர்த்துத்தான்.

சுவேதாவுக்கு முத்தம்.

மங்கலம்

*

சிதம்பரம்
13.11.2025

என் அருமை அண்ணிக்கு சத்யா எழுதுவது. நாங்கள் நலம், பெட்டியும் நலம்! உங்கள் உடம்பையும் அண்ணன் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டு வந்தேன். தங்கப் பல் முழுக்க மஞ்சள் பூசினேன் என்ற இடத்துக்கு வந்ததும் கடையிலேயே உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன். அண்ணி, அந்தப் பல் வழியாகத்தான் அதற்கு மின்சாரமே போகும்! முகம் என்று நினைத்து வாயை அடைத்துவிட்டீர்கள். தங்கத்தின் மேல் மஞ்சள், எனக்கு எப்படிக் கண்ணுக்குத் தெரியும்? காய்ந்த மஞ்சள் பள்ளத்துக்குள்ளும் உதிர்ந்து அடைத்துக்கொண்டது. அதனால்தான் பழைய ரேமும் பேசவில்லை.

சுவேதாவின் பென்சில் ரப்பரை எடுத்துப் பல்லை ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். பள்ளத்தைப் பிரஷ்ஷால் தட்டி, மருந்துக்கடையில் ஸ்பிரிட் வாங்கித் துடைத்துக் காயவைத்தேன். பட்டனைத் தட்டினேன். நல்ல பிள்ளையாக ஒரே ஒரு பீப். திறந்துவிட்டது. தீசிஸ் ஒரு எழுத்துக் குறையாமல் அப்படியே இருக்கிறது. ஒரு மாதமாக வெளியில் ஒரு சென்டரில் மணிக்கணக்குக்கு வாடகை கொடுத்து மற்ற வேலைகளை அடித்துக்கொண்டிருந்தேன். கலைமணியிடம் பெட்டி செத்ததைச் சொல்லவே இல்லை. அவள் வந்து கேட்கும்போதெல்லாம், அடித்துக்கொண்டே இருக்கிறேன் என்று சமாளித்தேன். அந்தோணிசாமியின் கடைக்குப் போய், போர்டு போகவில்லை சார், மஞ்சள் குளித்திருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிய வேண்டியதும் இல்லை.

உங்களைச் சந்தேகப்பட்டேன். தப்பு. மன்னித்துவிடுங்கள். ஒருதடவைதான் கேட்பேன், இரண்டாம் தடவை கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் நீங்கள் எனக்காக விழுந்து கும்பிட்ட இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அந்த வீட்டில் இத்தனை வருஷம் இருந்தேன், எனக்காக யாரும் கும்பிட்டது இல்லை.

உங்கள் அண்ணி,
சத்யா

*

கடலூர் முதுநகர்
7.12.2025

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. இங்கே மழை விட்டுவிட்டு அடிக்கிறது. உடம்பு எல்லோருக்கும் பரவாயில்லை. அங்கே கடைக்குள் தண்ணீர் வரவில்லையே?

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நேற்று மச்சான் கம்பெனி வாசலிலேயே வந்து நின்றார். "எம் பொண்டாட்டி எங்கிட்ட இல்லாதப்ப எந்தங்கச்சி மட்டும் ஒன்னாண்ட எதுக்கு? தை பொறக்கறதுக்குள்ள அவ வரணும். இல்லன்னா மங்கலத்தக் கூட்டிக்கினு போயிடுவேன்" என்றார். சித்திரையிலிருந்தே அவர் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் வா வா என்று எழுதியதெல்லாம் இந்தப் பயத்தில்தான். மங்கலத்திடம் இன்னும் சொல்லவில்லை. அவளும் அறிவும் இல்லாத வீட்டில் என்னால் ஒருநாள் இருக்க முடியாது சத்யா.

பொங்கலுக்கு இரண்டே இரண்டு நாள் காட்டுமன்னார்கோயில் போய் இருந்துவிட்டு வா. ஊர் வாய்க்காக. நான் கூடவே இருப்பேன். உன்மேல் ஒரு துரும்பு படாது.

அண்ணன்

*

சிதம்பரம்
11.12.2025

அண்ணனுக்கு சத்யா. நலம்தான். தண்ணீர் வாசல்படியோடு நின்றுவிட்டது.

வரமாட்டேன். இரண்டு நாள் இல்லை, இரண்டு நிமிஷம்கூட வரமாட்டேன்.

உன் பயம் எனக்குப் புரிகிறது. முன்னாடியே சொல்லியிருந்தால் உன்மேல் இத்தனை கோபப்பட்டிருக்கமாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். அண்ணியைக் கூட்டிக்கொண்டு போவேன் என்கிறார் அவர். ஐயோ போய்விடுவாளே என்கிறாய் நீ. போவாயா என்று அண்ணியை யாராவது கேட்டீர்களா? நீ ஒன்று கொடு, நான் ஒன்று தருகிறேன் என்று கை மாற்றிக்கொள்ள நாங்கள் என்ன பக்கத்து வீட்டுப் பாத்திரமா?

என்னிடம்தான் நீ ஏன் என்று கேட்கவில்லை. அண்ணியிடமாவது கேள். இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் கேள்.

சத்யா

*

கடலூர் முதுநகர்
5.1.2026

அன்புத் தங்கை சத்யாவுக்கு. உன் விரல் எப்படி இருக்கிறது? டாக்டரிடம் காட்டினாயா? இந்தத் தடவை மற்றவர்கள் நலம் பிறகு.

நீ சொன்னபடி மங்கலத்தைக் கேட்டேன். முழுவதையும் கேட்டுக்கொண்டு, "வரட்டும், நா பேசிக்கறேன்" என்றாள். அவ்வளவுதான். நேற்று மச்சான் காரோடு வந்தார். "துணிய எடுத்து வை" என்றார். மங்கலம் அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

"நா இங்க பட்டினி கெடக்கறனா? இல்ல. எம் புருசன் என்ன அடிச்சாரா? இல்ல. அப்பறம் எதுக்கு நா வரணும்?" என்று கேட்டாள்.

"அவ வரல இல்ல? அதுக்குத்தான்" என்றார்.

"அவுங்க வரமாட்டாங்க. எதுக்கு வரமாட்டாங்கன்னு ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்தப் புள்ள எதுர்ல சொல்லணுமா? ரெண்டு பேத்துக்கும் ஒரே பந்தல்ல தாலி கட்டி அனுப்பனீங்க. ரெண்டு பேத்துக்கும் ஒரே பதில்தான். அவுங்களும் வரமாட்டாங்க, நானும் வரமாட்டேன்."

அவர் முகம் கறுத்துவிட்டது. நான் எழுந்து மங்கலத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எனக்கும் அப்போதுதான் தைரியம் வந்தது. "மச்சான், எந்தங்கச்சி வெரல ஒடச்சவரு என் வூட்டுல ஒக்காரக்கூடாது. எழுந்திரிங்க" என்றேன்.

எழுந்தார். வாசலில் நின்று தெருவே கேட்கிற மாதிரி, "இன்னையோட ஒனக்குப் பொறந்த வூடு கெடையாது. பொங்கச் சீர் கெடையாது. எல்லார் வூட்டுக்கும் சீர் வரும், நீ வாசல்ல நின்னு வேடிக்க பாரு" என்று கத்திவிட்டுப் போனார்.

மங்கலம் சரி என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். ஆனால் இன்று காலையில் எதிர் வீட்டுப் பெண்ணுக்கு அவள் அண்ணன்கள் கரும்பும் பானையுமாக வந்து இறங்கினார்கள். மங்கலம் பாதிக் கோலத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு வருஷம்கூட அவளுக்குச் சீர் வராமல் இருந்ததில்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. புருஷன் சீர் கொடுக்க முடியாதே.

உன்னைத் திரும்பிப் போகச் சொல்லி இனி எழுதமாட்டேன். எந்நாளும் எழுதமாட்டேன்.

அண்ணன்

*

சிதம்பரம்
9.1.2026

அன்புள்ள அண்ணிக்கு சத்யப்பிரியா எழுதுவது. நான் நலம், சுவேதா நலம். நீங்கள் நலமாக இல்லை என்று அண்ணன் கடிதத்தில் எழுதியிருக்கிறது. அதற்கு மருந்தோடு வருகிறேன்.

கலைமணியின் தீசிஸை டிசம்பருக்குள்ளேயே முடித்துக் கொடுத்துவிட்டேன். அவள் கையோடு இன்னும் இரண்டு பேரை அழைத்துவந்தாள். கையில் கொஞ்சம் காசு இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ்ஸில் நானும் சுவேதாவும் கடலூர் வருகிறோம். புதுப் பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, வாழைத்தார் எல்லாம் எடுத்தாயிற்று. உங்களுக்கு ஒரு சேலை, மாம்பழக் கலரில் அரக்குக் கரை. கரும்பைப் பஸ்ஸில் ஏற்ற கண்டக்டர் விடமாட்டார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்கிறார். விடுவார். விடாமல் எங்கே போவார்?

உங்கள் தெருவுக்குள் ஆட்டோவில் வரமாட்டேன். தெருமுனையில் இறங்கிக் கரும்பைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வருவேன். சுவேதா தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் வருவாள். பொட்டச்சி சீர் கொண்டு வருகிறாளே, நாத்தனாருக்கு யார் சீர் கொடுத்தார்கள் என்று யாராவது கேட்டால், கேட்கட்டும். நின்று நிதானமாகப் பதில் சொல்லிவிட்டுத்தான் வருவேன். உங்கள் அண்ணனுக்கும் யாராவது போன் பண்ணிச் சொல்லட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு உள்ளே போய்விடாதீர்கள் அண்ணி. கோலத்தை முழுசாகப் போட்டு முடித்துவிட்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, தெரு பார்க்க வாசலில் நில்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிறந்த வீட்டிலிருந்து,
சத்யப்பிரியா